பக்கத்தில் வெள்ளிப் பட்டை, முதுகில் கரும்புள்ளி: இந்த மீனைச் சமைக்கலாமா?

லிமசோல் வாசி:

வணக்கம். கொஞ்சம் அவசரம், அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். எனக்குச் சொந்த ஊர் காரைக்குடிப் பக்கம். எங்களுக்குக் கடல் என்பது சந்தையில் ஐஸ் பெட்டிக்குள் வருவதுதான். இப்போது சைப்ரஸில், லிமசோல் ஊரில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை. மூன்று வருடமாகிறது. தூண்டில் பிடிக்கக் கற்றுக்கொண்டதே இங்கே வந்துதான்.

நேற்று விடுமுறை. சாயங்காலம் பாறைக்கரையில் உட்கார்ந்து கணவாய்த் துண்டைக் கோர்த்துப் போட்டேன். கொஞ்ச தூரத்துக்குப் பாறை, அதைத் தாண்டினால் மணல் தரை. முதல் இரண்டு தடவையும் இழுவையே தெரியவில்லை. லேசாக ஒரு தட்டல், சுருட்டினால் தூண்டில் முள்ளும் இல்லை இரையும் இல்லை. கத்தரிக்கோலால் வெட்டினாற்போலத் தூண்டில் நரம்பு அறுந்திருந்தது. மூன்றாம் தடவை முள்ளுக்கு மேலே ஒரு சாண் கம்பி கட்டிப் போட்டேன். அதில் ஏறியது இந்த மீன்.

நீளம் என் கையில் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை. எடை ஒன்றேகால் கிலோ. முதுகு பாசி கலந்த சாம்பல் நிறம், அதில் மிளகு தூவினாற்போலக் கரும்புள்ளிகள். பக்கவாட்டில் வாயிலிருந்து வால் வரை ஒரே பட்டையாகப் பளபளவென்று வெள்ளி. கண்ணுக்கு முன்னாலும் ஒரு வெள்ளித் திட்டு. வயிறு சுத்த வெள்ளை. செதிலே கிடையாது. வாய் சின்னது, ஆனால் உள்ளே கிளி மூக்கு மாதிரி மேலே இரண்டு, கீழே இரண்டு பல். வாளியில் போட்டதும் கரகரவென்று பல்லை நெரித்துச் சத்தம் போட்டது. அப்புறம் வயிறு ஊதிக்கொண்டே போய்ப் பந்தாகிவிட்டது.

பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த உள்ளூர்ப் பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டு "லாகோகெஃபலோஸ்! லாகோகெஃபலோஸ்!" என்று கத்தினார். கழுத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டினார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷும் எனக்குத் தெரிந்த கிரேக்கமும் அத்தோடு முடிந்தது.

மீன் இப்போது ஃப்ரீசரில் இருக்கிறது. பிரச்சினை என் அறைத் தோழன். அவன் அதிராம்பட்டினத்துப் பையன். "இது பேத்தைடா, எங்க ஊர்ல தோலையும் குடலையும் எடுத்துட்டு நல்லா கழுவிக் குழம்பு வைப்பாங்க, ஒண்ணும் ஆகாது, நானே அறுத்துத் தர்றேன்" என்கிறான். இணையத்தில் தேடினால் ஒருவர் விஷம் என்கிறார், ஒருவர் ஜப்பானில் இதுதான் விலை அதிகமான விருந்து என்கிறார். கடலோரத்து ஆட்கள் யாராவது தெளிவாகச் சொல்லுங்கள். புளி ஊறவைத்துவிட்டான்.


பாம்பன் வலைக்காரன்:

தம்பி, அந்தப் புளியை எடுத்து ரசத்துக்கு வையுங்க. மீனைத் தொடாதீங்க. மீதியை நிதானமா எழுதுறேன்.

நான் பதினாறு வயதில் அப்பாவோடு நாட்டுப்படகில் ஏறினவன். அப்புறம் விசைப்படகு, இப்போது சொந்தமாக ஒரு சின்ன வள்ளம். மன்னார் வளைகுடாவும் பாக் நீரிணையும்தான் எனக்குத் தெரிந்த உலகம். உங்கள் தோழன் சொன்னதில் பாதி சரி. அது பேத்தைதான். ஆனால் பேத்தை என்பது ஒரு மீனுக்குப் பெயரில்லை, ஒரு கூட்டத்துக்கே பெயர். பாம்பு என்று சொன்னால் சாரையா நாகமா என்று கேட்போம் இல்லையா, அது மாதிரி. உள்ளங்கை அளவில் ஒன்று, பச்சை முதுகும் மஞ்சள் பக்கமுமாக ஒன்று, முள் நட்டுக்கொண்டு நிற்கும் முள் பேத்தை ஒன்று, எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். நீங்கள் எழுதின அடையாளங்களை வைத்துப் பார்த்தால் (வெள்ளிப் பட்டை, கண்ணுக்கு முன்னால் வெள்ளித் திட்டு, முதுகில் புள்ளி, அந்த நீளம்) அது அறிவியல்காரர்கள் லாகோசெபாலஸ் ஸ்கெலராட்டஸ் என்று எழுதும் மீன். என் தங்கை மகன் மீன்வளம் படிக்கிறான், பெயர் அவன் சொன்னது. மீனை எனக்கு அவன் சொல்லித்தரத் தேவையில்லை.

இது எங்கள் கடலில் பிறந்த சாதி. இந்தியப் பெருங்கடல், செங்கடல், கிழக்கே ஜப்பான், ஆஸ்திரேலியா வரை உண்டு. ஒரு மீட்டருக்கு மேல் வளரும், ஏழு கிலோ வரை எடை ஏறும். இங்கே மணல் தரையும் கடற்புல்லும் உள்ள இடத்தில், பாருக்கு (கடலடிப் பாறைக்கு) பக்கத்தில் திரியும். குட்டிகள் கரையோரம், பெரியது ஆழத்தில். நூறு மீட்டருக்குக் கீழேயும் பிடித்திருக்கிறார்கள். நீந்துவதைப் பார்த்தால் சிரிப்பு வரும். முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் வாலுக்குப் பக்கத்தில் பின்தள்ளி இருக்கும், அந்த இரண்டையும் துடுப்பு வலிக்கிற மாதிரி ஆட்டிக்கொண்டு சோம்பேறித்தனமாகப் போகும். வாலை அவசரத்துக்குத்தான் எடுக்கும். இன்னொன்று, பேத்தை கண்ணை மூடித் திறக்கும். மற்ற மீன் எதுவும் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை. தளத்தில் கிடந்து நம்மைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடும்போது ஒரு மாதிரி இருக்கும்.

உங்கள் ஊருக்கு அது எப்படி வந்தது என்றால், சூயஸ் கால்வாய் வழியாக. 1869இல் வெட்டி முடித்துத் திறந்த கால்வாய். செங்கடல் மீன்கள் மெதுவாக அந்தப் பக்கம் ஏறிக்கொண்டே இருக்கின்றன. இந்த மீனை மத்தியதரைக் கடலில் முதலில் கண்டது 2003இல், துருக்கியின் கோக்கோவா வளைகுடாவில். பத்து வருடத்துக்குள் லெபனான், சைப்ரஸ், கிரீஸ், எகிப்து என்று கிழக்குப் பக்கம் முழுக்கப் பரவி இத்தாலிக் கடல் வரை போய்விட்டது. இங்கே அதைத் தின்னவும் பெரிய மீன்கள் உண்டு. அங்கே அந்த அளவுக்கு ஆள் இல்லை. கேரளக் கரையில் இதன் சொந்தக்கார இனம் ஒன்று திடீரென்று பெருகி வலைகளைக் கடித்துக் குதறியபோதும், அதை உண்ணும் கடல் விரால் குறைந்துபோனது ஒரு காரணம் என்றுதான் ஆராய்ச்சிக்காரர்கள் எழுதினார்கள்.

உங்கள் நரம்பு இரண்டு தடவை அறுந்ததே, அதுதான் அதன் கையெழுத்து. நண்டு ஓட்டையும் சிப்பியையும் உடைக்கிற பல் அது, தங்கூஸ் (நைலான்) நரம்பு அதற்கு வெறும் நூல். வலையில் மாட்டின கணவாயில் பாதியைப் பிறை நிலா மாதிரி சுத்தமாக வெட்டி எடுத்திருந்தால், கீழே யார் இருந்தது என்று பார்க்காமலே சொல்லிவிடுவோம். வலையையும் சேர்த்துத்தான் வெட்டும். என் சித்தப்பாவுக்கு வலது கை ஆள்காட்டி விரலில் நுனி கிடையாது. பேத்தை வாயிலிருந்து முள்ளைக் கையால் எடுக்கப் போனார், அவ்வளவுதான். துருக்கிக் கரையில் குளிக்கிறவர்களின் விரலைக்கூடக் கடித்திருக்கிறது. ஊதிப்போய்ப் பந்தாகக் கிடக்கிறதே என்று குழந்தைகள் கையில் கொடுத்துப் படம் எடுப்பதை நான் பார்த்திருக்கிறேன். வாய் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன். பேத்தையில் சில வகைகளைச் சுத்தம் செய்து சாப்பிடுகிற வழக்கம் எங்கள் பக்கமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். சதை வெள்ளை வெளேர் என்று கோழி நெஞ்சு மாதிரி இருக்கும், விலா முள் கிடையாது. முள்ளுக்குப் பயந்த வீட்டில் அதைவிட வேறென்ன வேண்டும். ஈரல், சினை, குடல், தோல் இதிலெல்லாம் நஞ்சு, அதை எடுத்துவிட்டால் போதும் என்பதுதான் அந்தக் காலத்துக் கணக்கு. உங்கள் தோழன் கேட்டு வளர்ந்ததும் அந்தக் கணக்குதான். இந்த மீனில் அந்தக் கணக்கு உடைகிறது. இதற்குச் சதையிலேயே நஞ்சு உண்டு. எத்தனை தடவை கழுவினாலும், எவ்வளவு சுத்தமாக அறுத்தாலும் உள்ளே இருப்பதை எங்கே கொண்டுபோய் எடுப்பது? கொதிக்கவைத்தாலும் போகாது. பொரித்தாலும் போகாது. உப்புப் போட்டுக் காயவைத்தாலும் போகாது. புளி, மஞ்சள், எதற்கும் அடங்காது.

காயவைத்தாலும் போகாது என்று படித்துச் சொல்லவில்லை. பதினோரு வருடத்துக்கு முன்னால் என் மச்சான் வெளியூர்ச் சந்தையில் தலையும் தோலும் எடுத்த கருவாடு கால் கிலோ வாங்கி வந்தான். விற்றவர் பெயர் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. காலையில் கஞ்சிக்கு இரண்டு துண்டு சுட்டுத் தின்றான். கால் மணி நேரத்தில் "உதட்டுல எறும்பு ஊருது" என்றான். நாங்கள் சிரித்தோம். அப்புறம் நாக்கு தடித்தது என்றான், பேச்சு குழறியது. டம்ளரைத் தூக்கினான், கையிலிருந்து நழுவி விழுந்தது. விழுந்ததைக் குனிந்து பார்த்தானே தவிர, கை விட்டது அவனுக்கே தெரியவில்லை. அதைப் பார்த்ததும்தான் என் அம்மா "பேத்தைடா!" என்று கத்தினாள். ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஒரு நாள் முழுக்க மூச்சு இயந்திரம். பிழைத்துக்கொண்டான். மிச்சம் இருந்த கருவாட்டை நான் எடுத்துப் பார்த்தேன். மீன் பிடிக்கிற குடும்பம், நாலு தலைமுறை. தோல் போன பிறகு அது என்ன மீன் என்று எங்களில் ஒருத்தருக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதனால் உங்கள் தோழனிடம் சொல்லுங்கள், ஊரில் அவன் சாப்பிட்டது எந்தப் பேத்தை என்று அவனுக்கே நிச்சயமாகத் தெரியாது. இப்போது எங்கள் படகில் ஏறினால் பெரியது நேராகக் கடலுக்குப் போகும். சின்னது சங்காயத்தோடு (சமையலுக்கு ஆகாத கழிவு மீனோடு) கலந்து போகிறது, அது எனக்குப் பிடிக்காத விஷயம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.


கான்சாய் தமிழன்:

ஜப்பான் பேச்சு வந்ததால் நான். ஒசாகாவில் ஒன்பது வருடம். ஃபுகு, அதாவது ஜப்பான்காரர்கள் சாப்பிடும் பேத்தை, இரண்டு முறை சாப்பிட்டிருக்கிறேன், இரண்டும் அலுவலக விருந்து, என் காசு இல்லை. பீங்கான் தட்டின் பூ வேலை தெரியும் அளவுக்கு மெல்லிசாக வெட்டி வைப்பார்கள். ருசி? உண்மையைச் சொன்னால் ஒன்றுமில்லை, கொஞ்சம் சவ்வு மாதிரி மெல்லவேண்டும். தொட்டுக்கொள்ளும் புளிப்புச் சாறுதான் ருசி.

ஆனால் அந்த மீன் வேறு. அது தொராஃபுகு, புலிப்பேத்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் சதையில் நஞ்சு இல்லை, ஈரல், சினைப்பை, குடல் இவற்றில்தான். எந்த இனத்தில் எந்த உறுப்பு ஆகும், எது ஆகாது என்று அரசாங்கமே வகை பிரித்து வைத்திருக்கிறது, உரிமம் வாங்கினவர்தான் அறுக்கவேண்டும். ஈரலை விற்க நாடு முழுக்க 1983இலிருந்து தடை. அதற்கு முன்னால் 1975இல் பாண்டோ மிட்சுகோரோ என்ற பெரிய கபுகி (ஜப்பானிய மரபு நாடகம்) நடிகர் கியோட்டோவில் ஒரே இரவில் நாலு பேர் பங்கு ஈரலைச் சாப்பிட்டு இறந்துபோனார். தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்பினவர். ஒசாகாக்காரர்கள் இந்த மீனைத் 'துப்பாக்கி' என்றுதான் செல்லமாகக் கூப்பிடுவார்கள். பட்டால் சாவு.

பாம்பன் அண்ணன் சொன்ன குழப்பம் இங்கேயும் இருக்கிறது. ஷிரோசாபா என்று ஒரு ஃபுகு, சதை சாப்பிடலாம். தோகுசாபா என்று அதற்கு இரட்டைப் பிறவி மாதிரி ஒன்று, சதையும் நஞ்சு. வித்தியாசம் எங்கே தெரியுமா? முதுகில் உள்ள நுண்முட்கள். நஞ்சுள்ளதில் அவை முதுகுத் துடுப்பு வரை போகும், மற்றதில் பாதியிலேயே நின்றுவிடும். விரலால் தடவிப் பார்த்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். தோல் உரித்துவிட்டால் அந்த அடையாளமும் போயிற்று. இந்த தோகுசாபா நம் ஊர்க் கடலிலும் உண்டு.


இரவுப்பணி:

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலி. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று சொல்லமாட்டேன். மேலே எழுதின வலைக்கார அண்ணனின் மச்சான் கதையைப் படித்ததும் எழுதத் தோன்றியது, ஏனென்றால் "உதட்டுல எறும்பு" என்ற அதே வார்த்தையை நான் இன்னொருவர் வாயால் கேட்டிருக்கிறேன்.

நஞ்சின் பெயர் டெட்ரோடோடாக்சின். 1909இல் ஜப்பானியர் ஒருவர் வைத்த பெயர். மீன் அதைத் தானாகச் செய்வதில்லை. சில பாக்டீரியாக்கள் செய்கின்றன, இரை வழியாக மீனின் உடம்பில் சேர்கிறது. கட்டுப்படுத்தின தீனி போட்டு வளர்க்கும் பேத்தையில் நஞ்சு வராமல் போவது அதனால்தான். நம் நரம்பில் செய்தி ஓடவேண்டுமானால் சோடியம் உள்ளே போகும் சின்னச் சின்ன வாசல்கள் திறக்கவேண்டும். இந்த நஞ்சு போய் அந்த வாசலில் தக்கை மாதிரி உட்கார்ந்துகொள்ளும். செய்தி நின்றுவிடும். முதலில் உதடு, நாக்கு, அப்புறம் முகம், விரல் நுனி. வாந்தி வரலாம். பிறகு கால் துவளும், பேச்சு போகும், கடைசியில் மூச்சை இழுக்கும் தசை. சிலருக்குப் பத்து நிமிடத்தில் ஆரம்பித்துவிடும், சிலருக்குச் சில மணி நேரம் ஆகும். ஒரு மனிதனைக் கொல்ல ஒன்றிரண்டு மில்லிகிராம் போதும் என்று கணக்கு. கடுகளவு என்று சொன்னால் நம்புங்கள், மிகை இல்லை.

மாற்று மருந்து கிடையாது. நாங்கள் செய்வது ஒன்றுதான்: அவருக்குப் பதிலாக மூச்சு விடுவது. குழாய் போட்டு இயந்திரத்தில் இணைத்து, நஞ்சு சிறுநீரில் வெளியேறும் வரை காத்திருப்போம். முதல் 24 மணி நேரம் தாண்டிவிட்டால் பெரும்பாலும் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. நஞ்சு மூளைக்குள் பெரிதாக நுழைவதில்லை. ஆள் அசையமாட்டார், கண் இமைக்கமாட்டார், கருவிழிகூட வெளிச்சத்துக்குச் சுருங்காமல் போகலாம். பார்த்தால் முடிந்துபோனது போலத்தான் இருக்கும். ஆனால் உள்ளே முழு நினைவோடு இருப்பார். எங்களிடம் வந்தவர் ஐம்பது வயதுக்காரர். வீட்டில் நாலு பேர் அந்த மீனைச் சாப்பிட்டிருந்தார்கள், சினையைத் தின்றவர் இவர் மட்டும். மூன்றாம் நாள் குழாயை எடுத்ததும் என்னைப் பார்த்து, "உங்க பொண்ணுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?" என்று கேட்டார். முதல் இரவு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நான் வீட்டுக்குப் போனில் பேசியிருக்கிறேன். நான் பேசினது முழுக்கக் கேட்டிருக்கிறார். பக்கத்தில் யாரோ "இது தேறாது" என்று சொன்னதையும் கேட்டிருக்கிறார். யார் சொன்னது என்று அவர் எங்களிடம் கேட்கவில்லை. அன்றிலிருந்து எந்த நோயாளியாக இருந்தாலும் ஊசி போடும் முன் "ஐயா, ஊசி போடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போடுகிறேன்.

யாராவது ஏற்கனவே தின்றுவிட்டு இந்த இழையைப் படித்தால்: உதடு மரத்தால் அது மிளகாய் இல்லை. படுத்துத் தூங்கினால் சரியாகும் என்று நினைக்காதீர்கள். உடனே ஆம்புலன்ஸ், சைப்ரஸில் 112. பேச்சு குழற ஆரம்பித்தவருக்குத் தண்ணீர், மோர், எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மூச்சு நின்றால் வண்டி வரும் வரை வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள், நிறுத்தாதீர்கள். சாப்பிட்ட மீனின் மிச்சம் இருந்தால் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்து வாருங்கள். கூடச் சாப்பிட்டவர்கள் நன்றாக இருந்தாலும் அவர்களையும் அழைத்து வாருங்கள்.


நூலகப்பூனை:

தலைப்பிலிருந்து கொஞ்சம் விலகிப் போகிறேன், மன்னிக்கவும். இந்த மீனின் பெயரில் உள்ள 'ஸ்கெலராட்டஸ்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பொருள் பாதகம் செய்தவன், கொடியவன். அப்படிப் பெயர் வாங்க அது செய்த பாதகம் ஏட்டிலேயே இருக்கிறது.

1774 செப்டம்பர். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணம், நியூ கலிடோனியாத் தீவுக்கு வெளியே கப்பல் நிற்கிறது. தீவுக்காரர் ஒருவரிடமிருந்து கப்பல் எழுத்தர் ஒரு புது மீனை வாங்கி வருகிறார். கப்பலில் ஃபார்ஸ்டர் என்று தந்தையும் மகனுமாக இரண்டு இயற்கை அறிஞர்கள். மீனைப் படம் வரைந்து, விவரம் எழுதி முடிப்பதற்குள் நேரமாகிவிட்டது. அதனால் அன்று இரவு முழு மீனைச் சமைக்காமல் ஈரலையும் சினையையும் மட்டும் வைத்தார்கள். குக்கும் இரண்டு ஃபார்ஸ்டர்களும் ருசி பார்த்தார்கள், அவ்வளவுதான். விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு எழுந்தால் கை கால் மரத்திருக்கிறது. ஒரு குவளைத் தண்ணீருக்கும் ஒரு இறகுக்கும் கையில் கனம் வித்தியாசமே தெரியவில்லை என்று குக் தன் குறிப்பில் எழுதுகிறார். வலைக்காரரின் மச்சான் கையிலிருந்து நழுவின டம்ளரை இத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள், இடையில் இருநூற்று நாற்பது வருடம்.

வாந்தி எடுத்து, வியர்த்து, மூவரும் தப்பினார்கள். குடலைத் தின்ற கப்பல் பன்றி காலையில் செத்துக் கிடந்தது. காலையில் கப்பலுக்கு வந்த தீவுக்காரர்கள் தொங்கவிட்டிருந்த மீனைப் பார்த்து, ஐயோ இது ஆகாது என்று சைகையில் முகம் சுளித்துக் காட்டினார்களாம். லிமசோல் பெரியவர் கழுத்தில் கோடு போட்டதும் இதே சைகைதான்.


லிமசோல் வாசி:

எல்லோருக்கும் நன்றி. வலைக்கார அண்ணே, உங்கள் பதிலை அறைத் தோழனுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். முதலில் சிரித்தான். கருவாடு வந்த இடத்தில் சிரிப்பு நின்றது. "அப்ப எங்க அத்தா வாங்கிட்டு வந்தது எது?" என்று கேட்டான். வீட்டுக்குப் போன் போட்டான். அவன் அம்மா, "அது சாண் நீளந்தாண்டா இருக்கும், புள்ளி போட்டது வந்தா உங்க அத்தா தொடவே மாட்டாரு" என்றார்கள். இதை அவன் எனக்கு நேற்றே சொல்லியிருக்கலாம்.

இன்று ஹோட்டலில் உள்ளூர்ச் சமையல்காரரிடமும் கேட்டேன். ஐரோப்பிய ஒன்றியம் முழுக்க இந்தக் குடும்பத்து மீன் எதையும் விற்கக்கூடாது என்று சட்டம் என்றார். இங்கே மீன்வளத் துறையே மீனவர்களிடம் கிலோவுக்கு 3 யூரோ என்று ஆரம்பித்து, இப்போது இன்னும் ஏற்றிக் கொடுத்து வாங்கிச் சூளையில் எரிக்கிறதாம். துருக்கியில் வாலுக்கு 5 லிரா என்று கொடுக்க ஆரம்பித்தார்களாம். லாகோகெஃபலோஸ் என்றால் முயல்தலை என்று அவர்தான் சொன்னார். அந்தப் பல்லைப் பார்த்து வைத்த பெயராக இருக்கும்.

இரண்டு சந்தேகம் மிச்சம். ஃப்ரீசரில் அதே தட்டில் கோழி இருந்தது, அதை என்ன செய்ய? மீனை எங்கே போட? எங்கள் தெருவில் பூனைகள் அதிகம்.


பாம்பன் வலைக்காரன்:

அந்தம்மா பிள்ளையைச் சரியாகத்தான் வளர்த்திருக்கிறார்கள், பிள்ளைதான் பாதியில் காதை மூடிக்கொண்டது.

கோழி தனிப் பையில் இறுகக் கட்டி இருந்தால் பையைக் கழுவிவிட்டுச் சமையுங்கள். மீன் தண்ணீர் அதன்மேல் பட்டிருந்தால் போனால் போகட்டும், கோழியையும் சேர்த்து வீசுங்கள். தட்டு, கத்தி, வாளி எல்லாம் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மீனை உறைந்த நிலையிலேயே இரண்டு மூன்று பையில் சுற்றி, பூனை பிறாண்ட முடியாதபடி மூடி உள்ள குப்பைத் தொட்டியில் போடுங்கள். அறுக்காதீர்கள், வயிற்றைத் திறக்காதீர்கள். முடிந்தால் குப்பை வண்டி வரும் காலையில் போடுங்கள், ராத்திரியில் வேண்டாம்.

அப்புறம் அடுத்த தடவை நரம்பு அப்படி வெட்டுப்பட்டால் கம்பி கட்டாதீர்கள். இடத்தை மாற்றுங்கள்.


லிமசோல் வாசி:

போட்டாயிற்று அண்ணே. மூன்று பை, அதற்கு மேல் ஒரு பெயின்ட் டப்பா. வண்டி வரும் வரை இரண்டு பேரும் கீழேயே நின்றோம். சாம்பல் நிறப் பூனை ஒன்று வந்து டப்பாவைச் சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு, எங்களை முறைத்துவிட்டுப் போனது.

ரசம் நன்றாக வந்தது.